மூன்றாவது புரோகிராம்

"அழிக்கிற வரிய நீதான தேஜு எடுத்த?"

"நான் எடுக்கல ஹரிஷ். நாம அதப் போடவே இல்ல."

ராபர்ட்சன்பேட்டை கம்ப்யூட்டர் சென்டரில், தேஜஸ்வினியும் ஹரிஷ்குமாரும் தங்கள் பிராஜெக்டைக் கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்தார்கள். அது ஒரு சின்ன கெர்னல், மற்ற புரோகிராம்களை நடத்துகிற அடிப்படைப் புரோகிராம். இரண்டு புரோகிராம்களை மாற்றி மாற்றி ஓட்டும். எந்தப் புரோகிராமின் பக்கம், அதாவது அதற்கென்று ஒதுக்கிய துண்டு, மெமரியில் எங்கே இருக்கிறது என்பதைப் பிராசஸர் குறித்து வைத்துக்கொள்ளும். புரோகிராம் மாறும்போது அந்தக் குறிப்பை அழிக்க வேண்டும். அழிக்காவிட்டால், முன்பு ஓடியதன் பக்கம் வந்து நிற்கும்.

வந்து நின்றது பிலோமினாவின் பக்கம். பிராஜெக்டில் மூன்றாவது ஆளாக இருந்தவள், மார்ச்சில் காய்ச்சலில் இறந்துபோனாள். மெஷினைப் போடும் ஒவ்வொரு தடவையும் ஒன்றைக் கூட்டி, தன் பெயரோடு காட்டும்படி அவள் எழுதிய புரோகிராமை அப்போதே நீக்கிவிட்டார்கள். தவிர, மெஷினை நிறுத்தினால் குறிப்புகள் எல்லாம் தாமாகவே போய்விடும். ஆனாலும் நேற்று போட்டபோது திரையில் 'பிலோமினா 97' என்று வந்தது. இன்று காலையில் 98. மறுபடி நிறுத்திப் போட்டதில் 99.

"எக்ஸாமினர் ஊரிகம் ஸ்டேஷன்ல எறங்கிட்டாராம்," என்றான் ஹரிஷ். "இத்தப் பாத்துட்டு கேட்டா இன்னா சொல்றது? இவங்களும் எங்க பார்ட்னர்தான் சார்னா?"

அழிக்கும் வரியை அடித்து முடித்தான். சேவ் பண்ணுவதுதான் பாக்கி.

எண்ணிக்கை நூறு வந்தால் தன் புரோகிராம் ஒரு வரி எழுதிக் காட்டும், அதுவரை என்னவென்று கேட்கக் கூடாது என்று பிலோமினா சொல்லியிருந்தாள். தேஜஸ்வினி கீபோர்டின் மேல் கை வைத்தாள்.

"இன்னும் ஒரே ஒரு வாட்டி நிறுத்திப் போடு ஹரிஷ். அப்பறம் அழிச்சிக்கோ."