நீலத் தார்ப்பாய்

குழாய் இல்லாத தெருக்களை வரைபடத்தில் குறிக்க வந்த ஷர்மிளா, செல்போனை அஞ்சலையிடம் காட்டினாள். ட்ரோன் எடுத்த படத்தில் குடிசைகளின் இடத்தில் ஒரு குளம் இருந்தது. போன வெள்ளத்தின்போது யாரோ ஒரு புண்ணியவான் எல்லாக் கூரைக்கும் நீலத் தார்ப்பாய் கொடுத்திருந்தார். கணினி அந்த நீலத்தைத் தண்ணீர் என்று எடுத்துக்கொண்டது.

"குடிக்கத் தண்ணி இல்லன்னு சொன்னா, எங்களையே கொளமாக்கி வெச்சிருக்கியேம்மா," என்று அஞ்சலை சிரித்தாள்.

"அது தார்ப்பாய்னு ஆபீசுக்கு எழுதிப் பாத்துட்டேன்க்கா. படத்துல வீடு தெரியணுமாம். நாளைக்குக் கடைசியா ஒருவாட்டி எடுக்குறாங்க. அப்பவும் கொளம்னு வந்தா, கொளத்த ஆக்கிரமிச்சிட்டீங்கன்னு காலி பண்ணச் சொல்லுவாங்க."

அக்கம்பக்கத்தில் யாரும் நம்பவில்லை. மறுநாள் அஞ்சலை மட்டும் தன் தார்ப்பாயை உருவி மடித்து வைத்தாள். இற்றுப்போன ஓலை வழியாக வெயில் இறங்கி, காய்ச்சலில் கிடந்த அவள் குழந்தையின் முகத்தில் விழுந்தது. அடுத்த வீட்டு ஆபிதா அதைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் தன் தார்ப்பாயில் பாதியை இழுத்து இந்தக் கூரைக்கும் போர்த்தினாள். குழந்தை கண்ணை மூடிக்கொண்டது.

தூரத்தில் ட்ரோனின் இரைச்சல் கேட்டது. தார்ப்பாயை எடுத்துவிடு என்று ஆபிதாவிடம் சொல்ல அஞ்சலைக்கு வாய் வரவில்லை.