தொட்டியில் பத்து மீன்

கோலா தெர்லாவிலிருந்து ஈப்போவுக்கு இறங்கும் காய்கறி லோரி திங்கள்தோறும் எஸ்டேட் லயத்து முனையில் நிற்கும். இருளப்பன் ஆற்றில் பிடித்த பத்து மீன்களை வாளியோடு அதில் ஏற்றிவிடுவார். ஈப்போவில் ரேடியோ சாமான் செய்யும் ஃபேக்டரிக்குப் போகும் மீன்கள். மூத்த மகள் பவளம் செய்துவைத்த ஏற்பாடு அது.

"வாரா வாரம் மீன் எதுக்கு தம்பி?" அன்றைக்குத்தான் கேட்டார்.

"ஃபேக்டரி அழுக்குத் தண்ணிய மருந்து போட்டுச் சுத்தம் பண்ணித் திரும்பவும் புழங்குறாங்கண்ணே. பார்க்க வர்ற துரைமாருக்கு, இது நல்ல தண்ணின்னு காட்டத்தான் தொட்டியில மீன்" என்றான் டிரைவர் சிவசாமி.

"போன வாரம் குடுத்த பத்து?"

சிவசாமி தார்ப்பாயை இழுத்துக் கட்டினான். "தொட்டியில எப்பவும் பத்துதான்லா."

இருளப்பன் வாளியை ஏற்றினார். தண்ணீர் தளும்பிச் சட்டை நனைந்தது, துடைக்கவில்லை.

"அண்ணே... பவளம் பார்த்த அந்தத் தொட்டி கழுவுற வேலை காலியாவே கிடக்காம். சின்னவள அனுப்புவீங்களான்னு மேனேஜர் கேட்கச் சொன்னாரு."

"அனுப்புறேன். வர்ற வெள்ளிக்கிழமை பவளத்துக்குப் பதினாறாம் நாள் காரியம். அது முடியட்டும்."