வெந்நீர்ப் பை

உறைபனி தொடங்குமுன் மலை வீட்டுக் குழாய்களில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நிற்கக் கூடாது. உறைந்தால் குழாய் வெடித்துவிடும். காவலாளி லூர்து எல்லாவற்றையும் திறந்து வடியவிட்டு, கடைசியாகப் படுக்கையறைக்கு வந்தார். மே மாதம் கோமளா அம்மாவை நெஞ்சுவலியோடு காரில் ஏற்றிக்கொண்டு போனபோது பூட்டிய அறை. அம்மா திரும்பி வரவில்லை. கம்பளியை உதறியதும் ரப்பர் வெந்நீர்ப் பை தொப்பென்று விழுந்தது. அன்றைக்கு அம்மா நிரப்பியது. குளிரில் அவருக்கு விரல்கள் மரத்துவிடும். அதனால் நிரப்பியதும் லூர்துவிடம் நீட்டி, "ஐயா காலுக்குச் சூடு சரியா இருக்கா பாரு" என்பார்.

லூர்து அதன் மூடியைத் திறக்கப் போனார்.

"கொட்டாத" என்றார் வாசலில் நின்ற ஐயா திருவேங்கடம், அம்மாவின் கணவர்.

"இங்க இருந்தா உறைஞ்சிரும்யா."

"மதுரையில உறையாது. நான் கொண்டுபோறேன்."

பையை வாங்கிக்கொண்டு கார்வரை போனவர், திரும்பி வந்து அதை நீட்டினார்.

"சூடு சரியா இருக்கா பாரு."

லூர்து இரண்டு கைகளாலும் பிடித்துப் பார்த்தார். உள்ளங்கை விறைத்தது.

"சரியா இருக்குய்யா."