துரை வந்து பார்க்கும் வரை

"மூண்டு கதியாலை வெட்டி, ஓலையையும் பிரிச்சுப் போட்டிருக்கிறான். நீங்களே பாருங்கோ, விதானையார்."

கம்புகள் போய், ஆள் நுழையுமளவுக்கு வேலியில் விழுந்திருந்த பொட்டைக் காட்டும்போது கனகலிங்கத்தின் குரல் தழுதழுத்தது. மூத்த மகன் காய்ச்சலில் கிடந்தபோதுகூட அவர் குரல் இப்படித் தழுதழுத்ததில்லை.

சும்மா வேலியா அது? யாழ்ப்பாணத்திலிருந்து ஆனையிறவு தாண்டி லொறியில் பனையோலை கொண்டுவந்து, ஆள் உயரத்துக்கு அடைத்த வேலி. குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்த வருடம், வீட்டுக்குக் கூரை போடும் முன்பே மனிதர் வேலியை முடித்துவிட்டார்.

வேலிக்கு அந்தப் பக்கம் சின்னராசாவின் மேட்டுக்காணி. இந்தப் பக்கம் கனகலிங்கத்தின் பள்ளக்காணி. அவர் வாசலுக்கு நேரெதிரே குளக்கட்டு. தெருவால் மேட்டுக்குப் போவதென்றால் வாய்க்கால் ஓரமாக அரை மைல் சுற்றவேண்டும்.

"ஏன் சின்னராசா வெட்டினனீ?" என்று கேட்டார் கிராமத்து அதிகாரியான விதானையார்.

சின்னராசா நிமிர்ந்து வேலிக்கு இந்தப் பக்கம் பார்த்தான். குசினி வாசலில் கைக்குழந்தையோடு நின்றாள் கனகலிங்கத்தின் மனைவி ஜெகதீஸ்வரி.

"ஓம். நான்தான் வெட்டினனான்" என்றான் சின்னராசா.

"கேட்டியளே?" என்றார் கனகலிங்கம். "இண்டைக்குப் பொட்டு. நாளைக்கு ஒற்றையடிப் பாதை. பத்து வருசம் போனா, பாதை தன்ரை எண்டு கோட்டிலை நிப்பான்."

"இது அரசாங்கம் தந்த பெர்மிட் காணி, சின்னராசா. காணிக்குப் பொறுப்பான டி.ஆர்.ஓ. துரை ஒரு கையெழுத்துப் போட்டா நீ பெண்சாதி பிள்ளையோடை தெருவிலை. தெரியுமோ?" என்றார் விதானையார்.

"தெரியும். பிழைதான் ஐயா. இப்பவே அடைச்சுத் தாறன்."

"அடைக்கிறதோ?" கனகலிங்கம் குறுக்கே பாய்ந்தார். "சாட்சியை அழிக்கப் பாக்கிறாய். துரை வந்து பாக்குமட்டும் இதிலை ஒருத்தரும் ஓரோலைகூட வைக்கப்படாது. எழுதுங்கோ, விதானையார்."

விதானையார் எழுதினார். போகும்போது, "குளக்கட்டு கசியுதெண்டு கதைக்கினம். எல்லாரும் ஆயத்தமா இருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கனகலிங்கம் அன்றே ஆயத்தமாகிவிட்டார். பெர்மிட், பெட்டிசன், பெட்டிசனின் இரண்டு நகல் எல்லாவற்றையும் தகரப்பெட்டியில் அடுக்கிப் பூட்டினார். அரிசியையும் பிள்ளைகளின் உடுப்பையும் கட்டிவைக்க ஜெகதீஸ்வரி இருக்கிறாள்தானே.

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி மழை. விடுவதாக இல்லை. அந்த மழையிலும் கனகலிங்கம் குடையைப் பிடித்துக்கொண்டு பொட்டுக்குக் காவல் நின்றார். களவாக யாராவது அடைத்துவிட்டால் வழக்கு என்னாவது?

துரை திங்கட்கிழமை வருவதாகத் தகவல் வந்தது. அவருக்கு முன்பே, ஞாயிறு மத்தியானம், குளம் வந்துவிட்டது.

கட்டு உடைந்த சத்தம் கேட்டு அவர்கள் வெளியே வருவதற்குள் தெருவைக் காணவில்லை. வாசல் படலையைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் முற்றத்துக்குள் வந்தது. ஜெகதீஸ்வரி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, மற்ற இரண்டையும் இழுத்துக்கொண்டு, நேரே பொட்டுக்கு ஓடினாள். பின்னால், தகரப்பெட்டியைத் தலையில் சுமந்தபடி கனகலிங்கம்.

அந்தப் பக்கம் நின்ற சின்னராசா ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து மேட்டில் ஏற்றினான். கனகலிங்கம் வரும்போது தண்ணீர் நெஞ்சளவு. அவரையும் ஏற்றினான், பெட்டியையும் ஏற்றினான்.

பொழுதுபடுவதற்குள் வீட்டின் முகடு மட்டும் தெரிந்தது. வேலி இருந்த அடையாளமே இல்லை.

சின்னராசாவின் கதிரையில் அமர்ந்து, சின்னராசாவின் வேட்டியைக் கட்டிக்கொண்டு, சின்னராசாவின் வீட்டுத் தேத்தண்ணியைக் குடித்தபடி கனகலிங்கம் தொண்டையைச் செருமினார். அவருக்குப் பெருந்தன்மை வந்துவிட்டது.

"சின்னராசா, நீ செய்தது குற்றம்தான். எண்டாலும் நானும் மனிசன்தானே. பெட்டிசனைத் திருப்பி வாங்கிறன். உன்னை மன்னிச்சிட்டன்."

"நல்லது அண்ணை" என்றான் சின்னராசா.

பிள்ளைகளின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த ஜெகதீஸ்வரிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"அவரை ஏன் மன்னிக்கிறியள்? வெட்டினது நான். எங்கடை வீட்டுக் கத்தியாலை."

கனகலிங்கம் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப இவன் ஏன் தான் வெட்டினதெண்டு ஒப்புக்கொண்டவன்?"

"நான் எண்டு தெரிஞ்சிருந்தா அண்டைக்கே அடைச்சிருப்பியள். பெண்சாதி பிள்ளையளுக்காண்டி நீங்கள் வேலியைத் திறக்கமாட்டியள், வழக்கெண்டா திறந்துவிட்டுக் காவலும் நிப்பியள் எண்டு அந்த மனிசனுக்குத் தெரியும்."