பாதி மாறிய திரை

“தமிழுக்கு மாத்திட்டேன் அண்ணி. ஆனா பாதிதான் மாறுது,” என்றான் கொழுந்தன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

முதலாளியம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டு. நாலு மணிக்கு லாரி கிளம்ப வேண்டும். சோப்பெல்லாம் பெட்டிக்குள் தயார். பெட்டி மேல் ஒட்ட வேண்டிய லேபிள் மட்டும் ஒன்றுகூட அச்சாகவில்லை. லேபிள் இல்லாத சரக்கை அந்தப் பெரிய கடைக்காரர்கள் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்த ஒரு ஆர்டரை நம்பித்தான் கொஞ்ச நாள் மூடிக் கிடந்த பட்டறையை அவர் மறுபடி திறந்திருந்தார்.

“நல்லா ஓடிட்டிருந்ததை உன்னை யாரு தொடச் சொன்னா?”

“அப்டேட் கேட்டுச்சு, குடுத்தேன். அது மெஷின் செஞ்சவங்க ஊர் பாஷைக்குப் போயிடுச்சு.”

“அது விஷம் கேட்டாலும் குடுப்பியா?”

லேபிள் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் பிரசவத்துக்குப் போன பிறகு கொழுந்தன்தான் அந்த நாற்காலியில். வீட்டில் அவனுக்கு எல்லாம் தெரிந்த ஏகாம்பரம் என்று பெயர். காலையிலிருந்து மல்லுக்கட்டி கம்ப்யூட்டரின் முகப்பைத் தமிழுக்குக் கொண்டுவந்துவிட்டான். லேபிள் அடிக்கும் புரோகிராமைத் திறந்தால் மட்டும் கொக்கியும் வளையமுமாக ஏதோ ஒரு எழுத்து.

“மெஷினை மாட்டிக் குடுத்த இன்ஜினியர் என்ன சொல்றாரு?”

“ஃபோனை அணைச்சு வெச்சிருக்காரு. என் ஃபோன்ல படம் எடுத்து மொழிபெயர்த்துப் பாத்தேன். ‘நாக்கு’, ‘கழுத்து’ன்னு காட்டுது.”

“என் கழுத்துக்குத்தான் கத்தி வந்திருக்கே, அதைச் சொல்லுதோ என்னவோ.”

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. “நான் ஒரு தடவை பாக்கட்டுமாம்மா?”

பேக்கிங் அக்கா. நாலு வருஷமாக அந்த மெஷின் பக்கத்தில் நின்று, வந்து விழும் லேபிள்களை எடுத்துப் பெட்டிகளில் ஒட்டுகிறவள். ஒரு பெட்டியில்கூட லேபிள் கோணலாக இருந்ததில்லை.

“அக்கா, இது பெட்டி கட்டுற வேலை இல்ல. ஒண்ணு கிடக்க ஒண்ணை அமுக்கினா மொத்தமும் போயிடும்,” என்றான் கொழுந்தன்.

“இதுக்கு மேல போறதுக்கு இங்க என்ன மிச்சம் இருக்கு? எந்திரி,” என்றார் முதலாளியம்மா.

பேக்கிங் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். மவுஸைப் பிடித்தாள். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள்.

“மேல அஞ்சாவது. அதுல கீழ ஏழாவது. வலது பக்கம் ரெண்டாவது கட்டம்.”

ஒரு நீளமான பட்டியல் விழுந்தது. கீழேயிருந்து எண்ணிக்கொண்டு வந்து மூன்றாவதில் அமுக்கினாள். உடனே திரையின் நடுவில் ஒரு பெட்டி குதித்தது.

கொழுந்தன் பதறினான். “ஏதோ கேக்குதுக்கா. என்னன்னு தெரியாம அமுக்கிடாதீங்க.”

“இந்தப் பெட்டி வந்தா இடது பக்கம்தான் தம்பி,” என்று அமுக்கிவிட்டாள்.

திரை கறுப்பானது. போச்சு, எல்லாம் போச்சு என்றே முதலாளியம்மா நினைத்துவிட்டார். அரை நிமிடம் கழித்து வெளிச்சம் வந்தது. பேக்கிங் அக்கா திரையை விட்டுவிட்டு அவர்கள் இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“சரியா வந்திருக்காம்மா?”

“அச்சிடு... எண்ணிக்கை... வெளியேறு...” முதலாளியம்மா ஒவ்வொன்றாக வாசித்தார். “எல்லாமே தமிழ்.”

மெஷின் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கடைசிப் பெட்டி லாரியில் ஏறியது.

லாரி தெரு முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு முதலாளியம்மா உள்ளே வந்தார். பேக்கிங் அக்காவின் தோளைப் பிடித்து அதே நாற்காலியில் உட்கார வைத்தார்.

“நாளையிலேர்ந்து உன் இடம் இதுதான். இவனை லாரியோட அனுப்பிடறேன்.”

கொழுந்தன் மேஜை மேலிருந்த தன் ஃபோனை எடுத்துக்கொண்டான்.

“அந்த பாஷையை நீ எங்க கத்துக்கிட்டே?”

“பாஷையெல்லாம் தெரியாதும்மா. மெஷின் வந்த முதல் நாள் இன்ஜினியர் தமிழுக்கு மாத்தினப்போ பக்கத்துல நின்னேன். எது எங்க இருக்குன்னு மனசுல பதிஞ்சுபோச்சு.”

“நானும் படிச்சவ, இவனும் படிச்சவன். ஒரு எழுத்து புரியலைன்னதும் எங்க ரெண்டு பேருக்கும் கையும் ஓடலை, காலும் ஓடலை. நீ மட்டும் எப்படிப் பதறாம உக்காந்திருந்தே?”

பேக்கிங் அக்கா கொஞ்சம் தயங்கினாள். பிறகு சிரித்துவிட்டாள்.

“உங்களுக்கு இன்னிக்கு ஒரு நாள்தாம்மா அப்படி, எனக்குப் பொறந்ததுலேர்ந்தே எந்த எழுத்தும் அப்படித்தான். சாயங்கால வகுப்புல சேர்ந்து ஒம்பது நாள் ஆகுது, ‘ஈ’ வரைக்கும் வந்திருக்கேன். நீங்க கொஞ்சம் பொறுத்துக்கிட்டா மிச்சத்தையும் வாசிச்சுடுவேன்.”