பொங்கலுக்கு மாட்டிய பில்டர்

"யாருய்யா இத மாட்டுனது? மனுசனா, ராச்சசனா?"

முனியசாமி போட்ட சத்தத்தில் ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். உச்சிப்புளியில் முத்துகிருஷ்ணனின் லாரிப் பட்டறை அது. முனியசாமி சிக்கல் என்ற ஊர்க்காரர். கருவேலங்கரி ஏற்றும் பழைய லாரி ஒன்றுதான் அவருக்கு எல்லாம்.

ஆயில் விளக்கு அணையாமல் எரிகிறது என்று காலையிலேயே வண்டியைக் கொண்டுவந்திருந்தார். பழைய ஆயிலை இறக்கியாயிற்று. ஆயில் பில்டர்தான் கழல மாட்டேன் என்கிறது. பெல்ட் ஸ்பேனர் வழுக்கியது. ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே அடித்துச் சொருகித் திருகினால் தகரம் கிழிந்ததே தவிர, பில்டர் அசையவில்லை.

"பொங்கல் கழிச்சு இங்கனதானய்யா புதுசு மாத்துனேன். அதுக்குள்ள ஒட்டிக்கிருச்சாக்கும். வருசா வருசம் ஆயுத பூசைக்கு எம் மக மாரிச்செல்வி பானட்டத் தெறந்து, இஞ்சின்ல ஒரு எடம் விடாம சந்தனம் குங்குமம் வைக்கும். அப்படிப் பாத்துக்கிற வண்டி இது."

முத்துகிருஷ்ணன் லாரிக்கு அடியில் கையைக் காட்டினார்.

"இந்தா, இவன்தாண்ணே மாட்டுனது. கேம்ப்காரன். பாவமேன்னு வேலைக்கு வச்சேன். கையால இறுக்குனாப் போதும்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். ஸ்பேனரப் போட்டு முறுக்கித் தொலைச்சிருக்கான்."

அடியில் படுத்திருந்த இரத்தினசிங்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐம்பதைத் தாண்டியவர், மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் குடும்பம். பொங்கல் கழித்து இந்த வண்டி வந்த அன்றைக்கு, ஆயிலை இறக்கி முடித்ததும், 'நீ போய் அந்த டிராக்டரப் பாரு, பில்டர நான் பாத்துக்கிறேன்' என்று அவரை அனுப்பிவைத்தது இதே முத்துகிருஷ்ணன்தான். இந்தப் பில்டரில் அவர் விரல்கூடப் பட்டதில்லை.

"முதலாளி, அண்டைக்கு நான்..."

"வாய மூடிக்கிட்டு வேலையப் பாரு."

இரத்தினசிங்கம் பழந்துணியால் பில்டரைத் துடைத்தார், அழுக்குப் போனாலாவது பிடி கிடைக்கும் என்று. கரித்தூளும் எண்ணெயும் அப்பிக் கிடந்த மேல்பூச்சு பொருக்காக உதிர்ந்தது. அடியில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. இன்னும் கொஞ்சம் துடைத்தார்.

எண்ணெயில் ஊறிக் கெட்டிப்பட்ட சந்தனம். நடுவில் குங்குமம்.

இந்த வருசத்து ஆயுத பூசை இன்னும் வரவே இல்லை. பொங்கல் கழிந்து மாட்டிய பில்டரில், அதற்கு முந்தின ஆயுத பூசைப் பொட்டு எப்படி வரும்?

யாரும் இறுக்கவும் இல்லை, முறுக்கவும் இல்லை. பழைய பில்டரை மாற்றவே இல்லை. புதிது போட்டதாகச் சொல்லிக் காசை வாங்கிக்கொண்டு அப்படியே விட்டிருக்கிறார் முதலாளி. சூட்டில் வெந்து வெந்து அது ஒட்டிப் போயிருக்கிறது. பழி மட்டும்தான் புத்தம் புதிது. அது இரத்தினசிங்கத்தின் தலையில் மாட்டப்பட்டிருந்தது.

"என்னப்பா, பேச்சையே காணோம்?" முனியசாமி குனிந்தார்.

'ஐயா, இஞ்ச பாருங்கோ' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் முகாம் ஆள் என்றதுமே கையை விரித்த பட்டறைகள் இந்த ரோடு நெடுகிலும் இருக்கின்றன. 'சரி, இருந்துக்க' என்று சொன்ன ஒரே ஆள் முத்துகிருஷ்ணன். வீட்டில் மனைவி கனகேஸ்வரி உலை வைப்பது இந்தப் பட்டறையை நம்பித்தான்.

இரத்தினசிங்கம் துணியை டீசலில் நனைத்து, அந்த இடத்தை அழுத்தித் துடைத்தார்.

"என்ர பிழைதான் ஐயா. நான்தான் அளவுக்கு மிஞ்சி இறுக்கிப்போட்டன்."

தலையைத் திருப்பினால், வண்டியின் மறுபக்கம் குனிந்து முத்துகிருஷ்ணன் பார்த்துக்கொண்டிருந்தார்.

விளிம்பில் உளியை வைத்துத் தட்டித் தட்டி, ஒருவழியாகப் பில்டர் துண்டு துண்டாக வந்தது. புதிதை மாட்டி, ஆயில் ஊற்றி ஸ்டார்ட் பண்ணினார்கள். விளக்கு அணைந்தது.

"இனிமே இவன் கை என் வண்டில படக் கூடாது, சொல்லிட்டேன்" என்றார் முனியசாமி.

"ஒங்க வண்டி என்னண்ணே, இந்தப் பட்டறையிலயே இனிமே கால் வைக்க மாட்டான். ஏலே, நாளைலருந்து நீ வராத."

முனியசாமிக்கு மனசு ஆறிவிட்டது. வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

இரத்தினசிங்கம் சோப்புத்தூளைப் போட்டு நிதானமாகக் கை கழுவினார். வண்டிக்காரருக்கு முன்னால் ஒரு பேச்சு, பின்னால் ஒரு பேச்சு. பட்டறை என்றால் அதெல்லாம் இருக்கும்தான். முதலாளியைக் காப்பாற்றிவிட்டோம் என்பதில் அவருக்குக் கொஞ்சம் சந்தோசம்கூட இருந்தது.

"என்னத்தப்பா அவ்வளவு அவசரமாத் தொடச்ச?" முத்துகிருஷ்ணன் மெதுவாகக் கேட்டார்.

"ஆயுத பூசைச் சந்தனம், முதலாளி. பயப்படாதீங்கோ, அவர் காணேல்ல. நானும் ஒருத்தரிட்டயும் சொல்ல மாட்டன்."

முத்துகிருஷ்ணன் கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்துப் பெட்டியில் போட்டார்.

"அப்ப நான் நாளைக்கு வழமை போல வாறன்."

"வர வேண்டாம்."

இரத்தினசிங்கம் சிரித்தார். "அவர்தான் போயிட்டாரே, முதலாளி."

"அப்ப சொன்னது அவருக்காக. இப்ப எனக்காகச் சொல்றேன்."

"நான்தான் துடைச்சுப்போட்டனே?"

"பில்டர நீ தொடச்சுட்ட. பாத்த ஒங் கண்ண நான் எத வச்சுத் தொடைக்கிறது?"