கோதண்டபாணியின் ரெக்கார்டர்

"தம்பி, மறுபடியும் உர்ருனு ஒரு சத்தம் வருதுப்பா. ரெக்கார்டர்ல என்னமோ கோளாறு."

போனில் அந்தக் குரல் கேட்டதுமே ஸ்ரேயாஸ் ஸ்பீக்கரைப் போட்டான். தோசை ஊற்றிக்கொண்டிருந்த அவன் மனைவி புவனேஸ்வரி, அடுப்பை அணைத்துவிட்டு வந்து சத்தமில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சார்ஜரைச் சொருகிக்கினே பதிவு பண்றீங்களா சார்?"

"ஆமா."

"அதான். கரண்ட் இரைச்சல் உள்ள வருது. ஒயரைப் பிடுங்கிட்டு பேட்டரில பண்ணுங்க, போயிடும்."

"அடடே, போன வாரமும் நீ இதையேதான் சொன்ன இல்ல?"

"பரவால்ல சார். மறந்துட்டா திரும்பக் கேளுங்க."

ஸ்ரேயாஸுக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை. லீவு நாள் வந்தால் கையில் ரெக்கார்டரோடு கிளம்பிவிடுவான். ஏரிக்கரைக் கொக்கு, கோயில் மணி, பஸ் ஸ்டாண்டில் சுண்டல் விற்பவர் குரல் என்று எதையும் விடமாட்டான். இதே கிறுக்கு பிடித்தவர்களுக்காக வாட்ஸ்அப்பில் ஒரு குழுவும் நடத்துகிறான்.

பிள்ளையார்பாளையம் கோதண்டபாணி அதில் புதிதாகச் சேர்ந்தவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். இவன் பெயரை அவர் கேட்டதில்லை, இவனும் சொன்னதில்லை. 'தம்பி' என்றும் 'சார்' என்றும் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

மற்றவர்களுக்கு இரண்டு வரியில் பதில் போடுகிறவன், இவரோடு மட்டும் மணிக்கணக்கில் பேசுவான். "வீட்டுக்குள்ள என்ன சத்தம் கேட்டாலும் பதிவு பண்ணி அனுப்புங்க சார். கேட்டாத்தான் எங்க கோளாறுனு சொல்ல முடியும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டான்.

அவரும் சளைக்காமல் அனுப்பினார். ஒருநாள் தறிச் சத்தம் வந்தது. நடுநடுவே டிக் டிக் என்று இரைச்சல். "செல்போனைப் பக்கத்துலயே வெச்சிருக்கீங்க சார், தள்ளி வைங்க" என்றான். இன்னொரு நாள், தள்ளுவண்டிக் காய்கறிக்காரரிடம் கத்தரிக்காய் சொத்தையென்று அவர் வீட்டம்மா கங்கையம்மாள் போட்ட சண்டை வந்தது. குரல் கரகரவென்று உடைந்திருந்தது.

"லெவலைக் குறைச்சு வைங்க சார். அம்மா குரல் மீட்டர்ல செவப்புக் கோட்டைத் தாண்டிப் போவுது."

"ரெக்கார்டர்ல குறைச்சிடுவேன் தம்பி. அவளை எப்படிக் குறைக்கறது?"

அன்றைக்குப் புவனேஸ்வரி துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் ஹெட்போனை வாங்கிக்கொண்டு போய், ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தச் சண்டையை முழுவதுமாக இன்னொரு தடவை கேட்டாள்.

இன்றைக்கு வெளியே நல்ல மழை.

"இன்னொரு சந்தேகம் தம்பி. பதிவு பண்ணிக்கினு இருக்கும்போதே தானா நின்னுடுது."

"கார்டு ரொம்பியிருக்கும் சார். ஃபார்மேட் பண்ணிடுங்க. ஆனா உள்ள இருக்கறதெல்லாம் அழிஞ்சிடும், மொதல்ல கம்ப்யூட்டர்ல காப்பி எடுத்து வெச்சிக்குங்க."

"அழிஞ்சா அழியட்டும்பா. எல்லாத்தையும் உனக்குத்தான் அனுப்பிட்டேனே. நீ வெச்சிருக்க இல்ல?"

"ஒண்ணு விடாம வெச்சிருக்கோம் சார்."

'வெச்சிருக்கோம்' என்று வந்துவிட்டது. ஸ்ரேயாஸ் நாக்கைக் கடித்துக்கொண்டான். புவனேஸ்வரி அவனை முறைத்தாள். நல்லவேளை, அவர் அதைக் கவனித்தமாதிரி தெரியவில்லை.

"மழைச் சத்தத்தைப் புடிக்கலாம்னு பாத்தேன். காத்து மோதி பொர்ருனு கேக்குது."

"மைக்குக்குப் பஞ்சு உறை மாட்டுங்க சார். காத்துக்கு முதுகைக் காட்டிக்கினு நில்லுங்க."

"சரிப்பா. எல்லாம் கத்துக்கினேன்னு நெனைக்கறேன். இனிமே உன்னைக் கேக்கறதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல."

புவனேஸ்வரி சட்டென்று ஸ்ரேயாஸின் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிடியிலேயே அவனுக்குப் புரிந்தது. இந்த போன் நின்றுவிடக் கூடாது.

"அப்படிச் சொல்லாதீங்க சார்! இன்னும் எவ்வளவோ இருக்குது. ஸ்டீரியோன்னு ஒண்ணு இருக்குது, வெளி மைக் இருக்குது. ரெண்டு ரெக்கார்டர் வெச்சிப் பண்றதுகூட இருக்குது..."

அவன் அடுக்கிக்கொண்டே போகும்போதுதான் அது நடந்தது. காலையில் மாடியில் காய்ந்த துணியை எடுக்க ஓடி, தொப்பலாக நனைந்திருந்தாள் புவனேஸ்வரி. மூக்கைப் பொத்திப் பார்த்தாள், முடியவில்லை. வீடே அதிரும்படி அடுத்தடுத்துத் தும்மினாள்.

எதிர்முனையில் மழைதான் கேட்டது. புவனேஸ்வரி இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டு, செய்யக்கூடாததைச் செய்துவிட்டவள்போல அவனைப் பார்த்தாள்.

"சார்... லைன்ல இருக்கீங்களா?"

ஸ்ரேயாஸ் ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டினான்.

"சார்?"

கோதண்டபாணி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தலை நனைஞ்சா எம் பொண்ணுக்கு உடனே சளி புடிச்சிக்கும், மாப்ள. எங்கிட்டச் சொல்லாம நீங்க கல்யாணம் பண்ணிக்கினு போன கோவம்லாம் எனக்கு எப்பவோ போயிடுச்சு. அவங்கம்மா மிளகு கசாயம் வெக்கறேன்றா, மழை விட்டதும் ரெண்டு பேரும் வூட்டுக்கு வாங்க."